முப்பத்தெட்டுத் தவணை

“வழக்கு உங்கடயோ, உங்கட மனுசன்டயோ?”

சட்டத்தரணி சின்னராசா லைலாவிடம் முதன்முதல் கேட்ட கேள்வி இதுதான். தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு. அப்போது கிண்ணியாவுக்குப் பாலம் கிடையாது. ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக்கொண்டு நீரைக் கடக்கும் ‘பாதை’தான். அந்தப் பாதையில் கடந்து, பஸ் ஏறி, உட்துறைமுக வீதியில் இருந்த அவருடைய ஒப்பீசின் மாடிப்படியில் மூச்சிரைக்க ஏறி வந்து நின்றவளைப் பார்த்துத்தான் அப்படிக் கேட்டார்.

“காணி அவருட பேரில, சேர். அலைச்சல் என்ட பேரில” என்றாள் லைலா.

சேர் சிரித்துவிட்டார். மூலையில் தட்டச்சு அடித்துக்கொண்டிருந்த இராசமலரும் கையை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். சேரிடம் கிளாக்கராக இருந்த அவளுக்கு அப்போது இருபத்தேழு வயது. வாயாடி. “சேர், இந்த அக்காவைச் சாட்சிக் கூட்டில ஏத்தினா எதிராளி அண்டைக்கே காணியை எழுதித் தந்திடுவான்” என்றாள்.

லைலாவின் கணவன் ஸெய்னுதீன் சொந்தத்தில் ஒரு வள்ளம் வைத்துக் கடலுக்குப் போனவர். பாலையூற்றில் அவர் காசு கொடுத்து வாங்கிய கால் ஏக்கருக்கு இன்னொருவன் இன்னொரு உறுதிப் பத்திரத்தைக் காட்டிக்கொண்டு வந்துவிட்டான். அதுதான் வழக்கு. மீன் படுகிற நாளும் கோட்டில் வழக்கைக் கூப்பிடுகிற தவணையும் ஒன்றோடொன்று சண்டை பிடித்ததுபோல எப்போதும் ஒரே நாளில் வந்து நின்றன. மனிசன் கடலுக்குப் போக, லைலா கோட்டுக்குப் போனாள். பதினைந்து வருடம் போனாள்.

தவணைக்குத் தவணை காசு கொடுப்பதுதான் கோட்டு வழக்கம். வழக்கைக் கூப்பிட்டு முடிந்ததும் வாசல் வேப்பமரத்தடியில் சேர் வந்து நிற்பார். லைலா நாலாக மடித்த நோட்டுகளை அவர் கைக்குள் வைப்பாள். அவர் எண்ணிப் பார்க்காமல் கறுப்புக் கோட்டுக்குள் போட்டுக்கொள்வார்.

சுனாமி வந்தது. வள்ளமும் போய், வலையும் போய், எஞ்சின் மட்டும் ஒரு பனைமரத்தடியில் தலைகீழாகக் கிடந்தது. அடுத்த தவணைக்கு லைலா வெறுங்கையோடு வந்து, வேப்பமரத்துக்கு மற்றப் பக்கம் மறைந்து நின்றாள். சேர் மரத்தைச் சுற்றி வந்தார்.

“தங்கச்சி, காசுக் கதையைப் பிறகு பாப்பம். நீங்கள் தவணைக்கு மட்டும் தவறாம வாங்கோ.”

அந்தப் ‘பிறகு’ வரவேயில்லை. இரண்டாயிரத்துப் பதினாலில் தீர்ப்பு வந்தது. காணி அவர்களுக்கே என்று. ஸெய்னுதீன் தானே ஒப்பீசுக்குப் போய், “சேர், உங்களுக்கு நாங்க என்ன தரோணும்?” என்று கேட்டார். “முதல்ல வேலியை அடையுங்கோ. பிறகு பாப்பம்” என்றார் சேர். அடுத்த வருடம் ஸெய்னுதீன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழும்பவில்லை. மையத்து வீட்டுக்குச் சேர் வந்தார். சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு முற்றத்து மணலில் நின்றார். மையத்து வீட்டில் யார் பில்லைப் பற்றிக் கதைப்பார்?

முதல் வருடம் லைலாவுக்கு அந்தக் கடன் நாள்தோறும் ஞாபகம் வந்தது. பிறகு நோன்பு மாதத்தில் சகாத் கணக்குப் பார்க்கும்போது மட்டும் வந்தது. பிறகு அதுவும் இல்லை. மறந்துவிட்டாள் என்று சொல்ல முடியாது. பழைய புண் இருக்கிற பக்கம் சாய்ந்து படுக்காமல் இருக்க உடம்பு தானாகப் பழகிக்கொள்ளும் இல்லையா, அதுபோலப் பழகிக்கொண்டாள்.

இந்த வருடம் அவளுக்கு அறுபத்து மூன்று வயது. பாலையூற்றுக் காணியின் நாற்பது பேர்ச்சில் பன்னிரண்டை விற்று ஹஜ்ஜுக்குக் காசு சேர்த்துவிட்டாள். ஹஜ் பயண முகவரிடம் முக்கால்வாசியைக் கட்டியாயிற்று. மிச்சம் நாலு லட்சத்தையும் பாஸ்போட்டையும் வருகிற வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டும். அதற்கு மேல் ஒரு லட்சத்து எழுபத்தையாயிரம் தனியாக ஒரு உறையில் இருந்தது. அது ஹஜ் விருந்துக்கு. ஹஜ்ஜுக்குப் போகிறவர் ஊருக்குச் சோறு கொடுத்து, எல்லோரிடமும் விடைபெற்றுத்தான் போவார்.

விருந்துக்கு முன் இன்னொரு வேலை உண்டு. பழகியவர்கள் எல்லோரிடமும் பொருத்தம் கேட்க வேண்டும். தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழைகளைப் பொருந்திக்கொள்ளச் சொல்லி, கடன் ஏதும் இருந்தால் கேட்டு அடைத்துவிட்டுத்தான் புறப்பட வேண்டும். இப்போது எல்லோரும் அதை வாட்ஸப்பில் ஒரே தட்டில் ஊருக்கெல்லாம் அனுப்பிவிடுகிறார்கள். லைலாவுக்கு அது ஏதோ மரண அறிவித்தல் போலப் பட்டது. நாற்பத்தொரு பேருக்குத் தன் கைப்படவே கடிதம் எழுதினாள். நாற்பது பேர், “உங்களிட்ட எங்களுக்கு என்ன கடன், துஆச் செய்யுங்க” என்று பதில் சொன்னார்கள்.

நாற்பத்தோராவது ஆள் சின்னராசா சேர். அவரிடமிருந்து பதிவுத் தபால் வந்தது.

லைலாவின் மகன் றிகாஸ்தான் கையெழுத்துப் போட்டு வாங்கிப் பிரித்தான். அவன் கிண்ணியாவில் மோட்டர் சைக்கிள் உதிரிப்பாகக் கடை வைத்திருப்பவன். பில் என்றால் கீழே இருந்து மேலே வாசிக்கிறவன்.

“ரெண்டு லட்சத்து ஐம்பத்தெட்டாயிரம்!” என்றான். “உம்மா, முப்பத்தெட்டுத் தவணையாம். ஒண்டுக்கு ஆறாயிரமாம். எழுத்து வேலைக்கு முப்பதாயிரமாம். பதினொரு வருசம் தூங்கின மனிசன் நீங்க மக்காவுக்குப் போற நேரம் பாத்து எழும்பி வந்திருக்கான்!”

“மரியாதையாக் கதை. அவர் உன்ட வாப்பாட வயசு.”

“வாப்பா ஆரிட்டயும் இப்பிடிப் பில் அனுப்பல்லயே.”

“வாப்பா மீன் வித்தவர். மீன் பதினொரு வருசம் தாங்காது.”

றிகாஸ் பில்லைத் தூக்கிக்கொண்டு டவுனுக்குப் போய், வினோதன் என்ற இளம் சட்டத்தரணியிடம் காட்டிவிட்டுப் பின்னேரம் திரும்பி வந்தான். பாதி முகத்தில் சிரிப்பு, பாதி முகத்தில் கலக்கம்.

“மூண்டு வருசம் தாண்டின பில்லுக்கு வழக்குப் போட ஏலாதாம், உம்மா. கிழிச்சுப் போடலாமாம். ஆனா ஒண்டு. நீங்க எழுதின கடிதம் இரிக்கே, கடன் இருந்தா அறியத் தாங்க எண்டு? அது உங்கட கையெழுத்தில இரிக்காம். கடனை ஒத்துக்கொண்ட மாதிரி எண்டு அவர் அதை வச்சு வாதாடலாமாம். செத்த கடனை நீங்களே தண்ணி தெளிச்சு எழுப்பிட்டீங்க! பொருத்தம் கேக்கப் போய் மாட்டிக்கிட்டு நிக்கிறீங்க.” கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். “அந்தக் கடிதத்தை எப்பிடியும் திருப்பி வாங்கோணும்.”

லைலா எழும்பி முனீப் மௌலவியின் வீட்டுக்குப் போனாள். கோட்டுச் சட்டம் அவளுக்கு இப்போது தேவைப்படவில்லை.

மௌலவி நிதானமாகச் சொன்னார். “தரவேண்டிய கடன் எண்டா குடுத்திட்டுப் போங்க. இல்லாட்டி அவர் மனசாரப் பொருந்தோணும். இல்லாட்டி ஹஜ்ஜுக்குப் போயிட்டு வந்து தாங்க எண்டு அவரே சந்தோசமாத் தவணை சொல்லோணும். இந்த மூண்டில ஒண்டு.”

அவரிடம் போய்ப் பொருந்திக்கொள்ளுங்கள் என்று கேட்டால் சேர் மறுக்கமாட்டார். அதுதான் லைலாவுக்குத் தொல்லையாக இருந்தது. கேட்டு வாங்குகிற பொருத்தம் வாய்க்குள் கையை விட்டுப் பிடுங்குகிற மாதிரி. காலம் கேட்கவும் மனம் ஒப்பவில்லை. சேருக்கு எழுபத்தாறு வயது. அவளும் திரும்பி வருவாளோ, யார் கண்டது? முழுப் பில்லையும் கொடுத்தால் வெள்ளிக்கிழமை முகவருக்குக் கொடுக்கக் காசு போதாது. இந்த வருட ஹஜ் போய்விடும். அடுத்த வருடம் பெயர் விழுமா என்பது நிச்சயமில்லை.

அன்றிரவு தொழுகைப் பாயில் இருந்தபடியே பில்லை மடியில் வைத்துக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தாள். முப்பத்தெட்டுத் தேதிகள். ஒவ்வொன்றாக விரல் வைத்துக்கொண்டு வந்தவள் ஒரு தேதியில் நின்றாள். பிறகு இன்னொன்றில் நின்றாள். பிறகு அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. அந்த முகத்தை ஸெய்னுதீன் கண்டிருந்தால், “ஆரோட சண்டைக்குப் போகப் போறாய்?” என்று கேட்டிருப்பார்.

செவ்வாய்க்கிழமை காலை, றிகாஸின் மோட்டர் சைக்கிளில் பின்னால் இருந்து பாலத்தைக் கடந்தாள். விருந்துக் காசு உறை அவளுடைய கைப்பைக்குள் இருந்தது. றிகாஸ் அதை அறியவில்லை. கடிதத்தைத் திருப்பி வாங்கத்தான் போகிறோம் என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான்.

ஒப்பீசில் பாதி அலுமாரி காலியாக இருந்தது. பழைய வழக்குக் கட்டுகளைப் பெட்டிகளில் அடைத்துக் கயிறு போட்டிருந்தார்கள். யன்னலுக்கு வெளியே துறைமுகத்தில் ஒரு கப்பல் அசையாமல் நின்றது.

“வாங்கோ அக்கா” என்று இராசமலர் ஓடிவந்து கையைப் பிடித்தாள். அவளுக்கும் ஐம்பத்து மூன்று ஆகிவிட்டது. வாய் மட்டும் அப்படியே. “இந்த மாசக் கடைசியோட ஒப்பீசைப் பூட்டுறம். சேருக்குக் கண் பிடிக்கேல்லை. அக்கா, கடவுளறிய அந்தப் பில்லை நான் அடிக்கேல்லை. நான் வீட்ட போன பிறகு இவரே ஒற்றை விரலால குத்திக் குத்தி அடிச்சிருக்கிறார். நாலு இடத்தில எழுத்துப்பிழை, பாத்தனீங்களோ? நீங்கள் தபாலை வாங்கின துண்டைத் தபால்காரன் கொண்டு வந்தாப் பிறகுதான் எனக்கே தெரியும். ஹஜ்ஜுக்குப் போற மனிசிக்கு ஆராவது பில் அனுப்புவினமோ, வெக்கமில்லையோ எண்டு ரெண்டு நாளா நான் இவரோட கதைக்கிறதில்லை.”

“ரெண்டு நாளா அதையேதான் கதைக்கிறா” என்றார் சேர், மேசைக்குப் பின்னால் இருந்து. மெலிந்துபோயிருந்தார். குரல் மட்டும் கோட்டுக் குரல். “இருங்கோ தங்கச்சி. தம்பி, நீங்களும் இருங்கோ. தங்கச்சி எழுதிக் கேட்டவ, கடன் இருந்தா அறியத் தரவும் எண்டு. இருந்தது. அறியத் தந்தன். இதில என்ன வெக்கம்?”

“மத்த நாற்பது பேரும் ஒண்டுமில்லை எண்டவங்க” என்றான் றிகாஸ்.

“நாற்பது பேருக்கும் இருந்திருக்காது. எனக்கு இருந்தது. இல்லையெண்டு பொய் சொல்லி அவவை அந்தப் புனிதமான இடத்துக்கு அனுப்பச் சொல்லுறீங்களோ?”

றிகாஸ் விடவில்லை. “மூண்டு வருசத்துக்குப் பிறகு கேக்க ஏலாது எண்டு சட்டம் இரிக்கு, சேர்.”

“ஆர் சொன்னது? வினோதனோ?” சேரின் முகம் மலர்ந்தது. “கெட்டிக்காரன். என்னட்டத்தான் வேலை பழகினவன். சரியாச் சொல்லியிருக்கிறான். கடிதத்தைப் பற்றியும் சொல்லியிருப்பானே?”

 சேர் மேசை லாச்சியை இழுத்து, லைலாவின் கடிதத்தை எடுத்து, அவனுக்கு முன்னால் வைத்தார்.

“எடுங்கோ தம்பி. இது என்னட்ட இல்லாட்டி என்ர வாயைச் சட்டம் பொத்திப்போடும். கேக்கிற உரிமை எனக்கு இல்லை. நான் அறியத் தரத்தான் வேணும் எண்டு நினைச்சன், தந்திட்டன். மிச்சம் உங்கட விருப்பம்.”

இவ்வளவு சுலபமாக முடியும் என்று றிகாஸ் எதிர்பார்க்கவில்லை. கை கடிதத்துக்கு நீண்டது.

“கையை எடு மகன்” என்றாள் லைலா.

அவன் எடுத்தான்.

“சேர்” என்றாள் லைலா, “உங்களுக்குக் கேக்க ஏலாது எண்டுதானே சட்டம் சொல்லுது? எனக்குக் குடுக்க ஏலாது எண்டு சொல்லல்லயே?”

“இல்லை. அப்பிடிச் சொல்லேல்லை.”

“அப்ப நான் குடுப்பன். ஆனா பில் பிழை.”

 சேர் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். கடைசியாகக் கோட்டில் எழும்பி நின்ற நாளுக்குப் பிறகு அவர் அப்படி நிமிர்ந்ததை இராசமலர் கண்டதில்லை.

“பிழையோ? எங்க பிழை?”

“தங்கச்சி, பழைய டயறியெல்லாம் இரிக்கா?” என்று லைலா இராசமலரைக் கேட்டாள்.

“ஒரு வருசமும் எறியேல்லை அக்கா!” இராசமலர் ஒரு பெட்டியின் கயிற்றைப் பல்லால் அவிழ்த்தாள். டயறிகளை மேசையில் அடுக்கினாள். சிவப்புப் பேனையை எடுத்துக்கொண்டு நடுவில் கதிரை போட்டு உட்கார்ந்தாள். நீதிபதி இல்லாத குறை தீர்ந்தது.

“ரெண்டாயிரத்து ஆறு, ஆகஸ்ட்” என்று லைலா தொடங்கினாள். “அந்த மாசம் கோடு நடந்ததா சேர்? சண்டையில மூதூர்ச் சனமெல்லாம் ஓடிவந்த மாசம். என்ட வீட்டில மட்டும் பதினெட்டுப் பேர் படுத்தவங்க. பாதையும் ஓடல்ல. நீங்க எங்க நிண்டு எனக்காகப் பேசினீங்க?”

இராசமலர் டயறியைப் புரட்டினாள். “‘நீதிமன்றம் நடைபெறவில்லை.’ என்ர எழுத்துத்தான்.” பில்லில் அந்தத் தேதியின் மேல் சிவப்புக் கோடு விழுந்தது.

“அடுத்தது, உங்களுக்குச் சிக்குன்குனியா வந்த காலம். மூண்டு தவணை. வேற ஒரு சேர் எழும்பி உங்கட பேரைச் சொல்லித் தேதி வாங்கினவர். நீங்க வீட்டில முழங்காலைப் பிடிச்சிக்கிட்டுக் கிடந்தீங்க.”

“அவர் எனக்காக வந்தவர். அது நான் வந்ததுக்குச் சமம்” என்றார் சேர்.

“அவருக்கு நீங்கள் அஞ்சு சதமும் குடுக்கேல்லை” என்றாள் இராசமலர். மூன்று கோடு.

நீதிபதி லீவில் நின்ற ஐந்து தவணைகளுக்குச் சேர் கடுமையாக வாதாடினார். “நான் கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தனான். வெயிலில நிண்டனான். எழும்பித் தேதி வாங்கினனான்.”

“வந்து நிண்டதுக்கெல்லாம் காசெண்டா லைலா அக்காவுக்கும் நீங்கள் தரோணும், சேர். அவவும் வந்து நிண்டவ. அதுவும் பாதையில வந்து.”

“நீர் ஆருக்கு வேலை செய்யிறீர்?”

“இந்த மாசக் கடைசி மட்டும் உங்களுக்கு.” ஐந்து கோடு.

ஒரு தவணையில் தம்பலகாமத்து உழவு இயந்திர வழக்கின் கட்டை மாற்றிக் கொண்டுபோய், நீதிபதிக்கு முன்னால் சேர் உழவு இயந்திரத்தைப் பற்றி இரண்டு நிமிடம் பேசிவிட்டார். அந்தக் கட்டை எடுத்துக் கொடுத்தது தான்தான் என்று இராசமலர் தானே ஒப்புக்கொண்டு தானே வெட்டினாள். சேர் தன் மகளின் கலியாணத்துக்குக் கொழும்பில் நின்ற ஒரு தவணையும் போனது. “எனக்கும் கார்ட் தந்தீங்க” என்றாள் லைலா, “தந்திட்டுக் கோட்டுக்கு வந்த மாதிரிப் பில்லிலயும் போட்டிரிக்கீங்க.” சட்டத்தரணிகள் பகிஷ்கரிப்புச் செய்த நாலு தவணைகளும் வெட்டுப்பட்டன. சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் சிரிக்கிறார் என்பது தோளில் தெரிந்தது.

றிகாஸுக்கும் உற்சாகம் பிடித்துவிட்டது. “உம்மா, நீங்க கொண்டு வந்து குடுத்த நண்டு? தயிர்? அதையும் கழிக்கச் சொல்லுங்க!”

“குடுத்த நண்டுக்குக் கணக்குக் கேக்கிறவள் ஹஜ்ஜுக்குப் போறதில அர்த்தமிரிக்கா? வாயைப் பொத்து.”

“அதில ஒரு முறை வெள்ளிக்கிழமையில நண்டு கொண்டு வந்தனீங்கள்” என்றார் சேர். “வெள்ளியில நான் மரக்கறிச் சாப்பாடு எண்டு சொல்ல வெக்கத்தில வாங்கிப்போட்டன். இராசமலர்தான் கொண்டுபோனவ.”

“நல்ல சதை அக்கா.”

பதினைந்து கோடு விழுந்ததும் லைலா விரலை உயர்த்தினாள். “இனி ஒண்டு கூட்டோணும்.”

“என்னத்தை?” என்றான் றிகாஸ் பதறிப்போய்.

“பாலையூற்றுக்கு நில அளவைக்காரரோட ஒரு நாள் முழுக்க வந்தீங்க, சேர். கம்பிவேலி கிழிச்சு உங்கட கால்சட்டை போனது. அது பில்லில இல்லை.”

“அது கோட்டுத் தவணை இல்லைத் தங்கச்சி.”

“வேலைதானே? போடுங்க.”

இராசமலர் கூட்டினாள், கழித்தாள், மறுபடி கூட்டினாள். “ஒரு லட்சத்து எழுபத்து நாலாயிரம்” என்று தீர்ப்புச் சொன்னாள்.

லைலா கைப்பையைத் திறந்து உறையை எடுத்து மேசையில் வைத்தாள். “ஆயிரம் கூட இரிக்கும். பாத்துத் தாங்க.”

றிகாஸ் உறையை அடையாளம் கண்டுகொண்டான். “உம்மா, அது விருந்துக் காசு! மாமாட ஆக்களுக்கெல்லாம் சொல்லியாச்சு. மாட்டுக்காரன் முற்பணம் கேட்டு ரெண்டு தரம் போன் எடுத்தும் போட்டான்.”

“போற ஆள் நான். தின்னப் போற ஆள் அவங்க. பேரீச்சம்பழமும் பிளேன்டியும் குடுத்துப் பொருத்தம் கேப்பம். மாட்டிறைச்சி இல்லாட்டிப் பொருந்த மாட்டன் எண்டு சொல்றவன் ஆர் எண்டு நானும் பாக்கன்.”

“என்ட முகத்தை எங்க வைக்கிற?”

“இரிக்கிற இடத்திலயே வை மகன். நல்ல முகம்தான்.”

சேர் காசைத் தொடவில்லை. “இராசமலர், பற்றுச்சீட்டை எழுதும்” என்றார். “பெற்றுக்கொண்டவர் எண்ட இடத்தில உம்மட பேரைப் போடும்.”

“என்ர பேரையோ? சேருக்குக் கண்ணோட சேந்து மற்றதும் போட்டுதோ?”

“உம்மட பேரைத்தான்.” யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார். “முப்பத்தொரு வருசம். வேலையால நிக்கேக்க உமக்குக் கிடைக்கவேண்டிய சேமலாப நிதிக்கு நான் ஒரு சதமும் கட்டேல்லை. நாளைக்குக் கட்டுவம், வாற வருசம் கட்டுவம் எண்டு விட்டிட்டன். நான் பிறகு பிறகு எண்டு சொன்னது தங்கச்சிக்கு மட்டும் இல்லை. மாசக் கடைசியில உம்மை வெறுங்கையோட எப்பிடி அனுப்புறது எண்டு யோசிச்சுக்கொண்டிருந்தன். எனக்குத் தரவேண்டிய ஆக்கள் எத்தினையோ பேர். கடன் இருக்கோ எண்டு கேட்டு எழுதினது ஒரே ஒரு ஆள். அந்தக் கடிதத்தைக் கண்டவுடன அந்தர அவசரத்தில டயறியும் பாராமல் இருந்து அடிச்சன்.”

இராசமலர் சிவப்புப் பேனையைக் கையில் பிடித்தபடி இருந்தாள். பில்லைப் பார்த்தாள். பதினைந்து கோடு. ஒவ்வொன்றும் நேராக, அழுத்தமாக, அவளுடைய கையால் விழுந்திருந்தது.

லைலா கையை நீட்டினாள். “தங்கச்சி, அந்தப் பேனையை இங்க தாங்க. எல்லாத்தையும் திரும்பப் போடுவம். நான் இந்த வருசம் போகாட்டி வாற வருசம் போவன்.”

“விசர்க்கதை கதையாதைங்கோ அக்கா.” இராசமலர் பேனையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.  “கோடு நடக்காத நாள் நடக்காத நாள்தான். காசு எனக்கு எண்டவுடன அது நடந்த நாளாகுமோ? நான் கட்டு மாத்திக் குடுத்தது இல்லையெண்டு ஆகுமோ? வெட்டினது வெட்டினதுதான்.”

“அப்ப வாயால சொல்லுங்க. எனக்கு அது கேக்கோணும். நீங்க ரெண்டு பேரும்.”

“நான் பொருந்திக்கொண்டன் தங்கச்சி” என்றார் சேர்.

இராசமலர் ஒருமுறை மூக்கை உறிஞ்சினாள். “நானும் பொருந்திக்கொண்டன் அக்கா. போயிட்டு வாங்கோ. அங்க போய் எங்களையும் நினையுங்கோ.”

லைலா கண்ணை மூடினாள். உதடு ஏதோ முணுமுணுத்தது. பிறகு முக்காட்டின் நுனியால் முகத்தை ஒற்றிக்கொண்டாள். வெள்ளிக்கிழமை நாலு லட்சத்தையும் பாஸ்போட்டையும் கொண்டுபோய்க் கொடுக்கலாம். யாருக்கும் ஒரு சதமும் மிச்சமில்லை.

இராசமலர் பற்றுச்சீட்டு எழுதினாள். முப்பத்தொரு வருடம் எத்தனையோ பற்றுச்சீட்டு எழுதிய கை, தன் பெயரை எழுத வந்தபோது ஒருமுறை நின்று, பிறகு எழுதியது. காசை எண்ணினாள். ஆயிரம் ரூபாயை லைலாவிடம் திருப்பிக் கொடுத்தாள். மிச்சத்தை உறையில் போட்டுத் தன் பைக்குள் வைத்தாள்.

“இராசமலர்” என்று சேர் மெதுவாகத் தொடங்கினார். “நான் உமக்கு இதை முந்தியே சொல்லியிருக்கோணும். நான் என்ன நினைச்சனெண்டா...”

அவள் எழும்பினாள். டயறிகளைப் பெட்டிக்குள் அடுக்கி மூடினாள். சேருடைய கண்மருந்துப் போத்தல் மேசையின் மற்றக் கரையில் இருந்தது. அதை அவர் கைக்கு எட்டுகிற இடத்துக்கு நகர்த்தி வைத்தாள். சுவரில் மணி பதினொன்றேகால். நாலு மணிக்கு முன் அவள் அந்த ஒப்பீசை விட்டு இறங்கியதை யாரும் கண்டதில்லை. சாப்பாட்டுப் பெட்டியைப் பைக்குள் திணித்தாள். குடையை எடுத்தாள். லைலாவின் தோளை ஒருதரம் இறுக்கிப் பிடித்தாள். சேர் இன்னும் வாயைத் திறந்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரைக் கடந்து போய், இராசமலர் ஒரு சொல்லும் சொல்லாமல் மாடிப்படி இறங்கினாள்.